ஐந்து டாலருக்கு விலைபோன முகங்கள்

வீட்டில் நாம் பத்திரப்படுத்தி வைத்திருப்பவை எவை என்று வினவினால், நகைகள், நிலப் பத்திரங்கள், வைப்புநிதிச் சான்றுகள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். பழைய ஒளிப்படங்கள் அவ்வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவை அலமாரியின் மேல்தட்டிலோ பரணிலோ தூசி படிந்து கிடக்கும். அத்தகைய படங்களின் மதிப்பு எப்போது, யாரால் உணரப்படுகிறது என்பதற்கு அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் வரலாறு நல்ல சான்றாக விளங்குகிறது.

ஆர்க்கன்சா மாநிலத்தில், ஓசார்க் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ஹீபர் ஸ்பிரிங்ஸ். கனிமநீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற அவ்வூரைச் சுற்றிலும் சிறு உழவர் குடும்பங்கள் வாழ்ந்தன. 1914-ஆம் ஆண்டளவில் மைக் மேயர் என்பவர் தம் தாயாருடன் அங்குக் குடியேறினார். அவர் 1884-இல் இந்தியானா மாநிலத்தில் ஜெர்மானிய மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1926 நவம்பரில், நன்றி நவிலும் திருநாளன்று வீசிய சூறாவளி அவர்கள் குடியிருந்த வீட்டை அழித்தது. அதன்பின் ஊரின் முதன்மைத் தெருவில் தமக்கென ஓர் ஒளிப்படக்கூடத்தை அவர் எழுப்பினார். வடக்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரம் அதன் சிறப்பு. வெயில் நேரே விழாத அத்திசையிலிருந்து நாள் முழுதும் சீரான ஒளி கிடைக்கும்.

அவர் இயல்பில் தனித்தவர், மணம் செய்துகொள்ளாதவர். உழவரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு தொடர்புடையது தம் குடிப்பெயர் என்று கருதி, ‘நான் உழவன் அல்லன்’ என்று பொருள்படுமாறு 1939-இல் ‘டிஸ்ஃபார்மர்’ எனச் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். சூறாவளியொன்று தம்மைத் தூக்கிவந்து மேயர் குடும்பத்தில் போட்டுவிட்டதாகவும் அவர் சொல்லி வந்தார். ஆயினும் அவருடைய கருவியின்முன் வந்து நின்றோரில் பெரும்பாலோர் உழவர்களே.

ஊருக்கு வந்த குடும்பத்தினர் சில காசுகள் கொடுத்து அஞ்சலட்டை அளவிலான படங்களைப் பெற்றுச் சென்றனர். ‘சிரியுங்கள்’ என்று டிஸ்ஃபார்மர் எவரையும் கேட்டதில்லை. வெற்றுத் திரையின்முன் அவர்களை நிற்கவைத்து, நெடுநேரம் ஒளியைச் சரிபார்த்து, கண்ணாடித் தகட்டில் பதிவு செய்வார். பிலிம் சுருள்கள் பரவிய பின்னரும் அவர் கண்ணாடித் தகடுகளையே விரும்பினார். பல படங்களில் பின்திரையின் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அதை மறைக்க அவர் முயலவில்லை.

அப்படங்களில் வீதியில்லை, கடையில்லை, வயலில்லை. எனினும் ஓர் ஊரின் அன்றாட வாழ்க்கை அவற்றில் முழுமையாகத் தெரிகிறது. வயலில் அணியும் வேலை உடையோடே வந்து நிற்கும் ஆடவர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் கூச்சத்தோடு நிற்கும் சகோதரர், தோளில் கைபோட்ட தோழியர், மடியில் குழந்தையுடன் தாய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீருடை அணிந்த இளைஞர்களும் வந்தனர். போர்முனைக்குச் செல்வோன் திரும்புவானா என்பதை அறியாத குடும்பத்திற்கு அந்தச் சிறு அட்டை எத்தகைய செல்வமாக இருந்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

1959-இல் டிஸ்ஃபார்மர் மறைந்தார். அவருடைய கூடத்திலிருந்த பொருள்களை உள்ளூர்க்காரர் ஒருவர் 5 டாலருக்கு வாங்கினார். ஓர் ஊரின் முகங்கள் அனைத்திற்கும் அன்று கிடைத்த விலை அவ்வளவே. அவர் அத்தகடுகளை எறிந்துவிடாமல் பல ஆண்டுகள் வைத்திருந்தார் என்பதே பெரும்பேறு. 1970-களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் பீட்டர் மில்லர் அவற்றைப் பெற்றுத் தூய்மை செய்தார். ஏறத்தாழ 3,000 தகடுகள் எஞ்சின. நியூயார்க்கின் ஒளிப்பட இதழொன்றின் ஆசிரியரான ஜூலியா ஸ்கல்லி அவற்றின் அருமையை உணர்ந்தார். 1976-இல் இருவர் முயற்சியாலும் வெளிவந்த நூல், மறைந்த கலைஞரை உலகறியச் செய்தது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 2004-ஆம் ஆண்டளவில் நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர்கள், டிஸ்ஃபார்மர் தம் கையால் அச்சிட்ட மூலப் படங்களைத் தேடத் தொடங்கினர். அவர்கள் சார்பில் உள்ளூர்வாசிகளே வீடுவீடாகச் சென்று பழைய தொகுப்பேடுகளைக் கேட்டனர். சில காசுகளுக்கு எடுத்த படங்களுக்கு நூற்றுக்கணக்கான டாலர்கள் கிடைத்தன. கண்ணாடித் தகடுகள் எஞ்சாத ஆண்டுகளின் படங்களும் அவ்வாறு வெளிப்பட்டன. விற்றவர்களைக் குறைகூற இயலாது. பணத்தின் தேவை அவரவர்க்கே தெரியும். ஆனால் பாட்டனாரின் ஒரே படம் நியூயார்க்கின் சுவரொன்றிற்குப் போய்விட்டால், பேரப்பிள்ளைக்கு எஞ்சுவது யாது? அண்மை ஆண்டுகளில் டிஸ்ஃபார்மரின் உறவினர்களும் இப்படங்களின் பதிப்புரிமை தமக்கே உரியது என்று வாதிட்டுள்ளனர். தகடு ஒருவரிடம், அச்சு வேறொருவரிடம், உரிமை யாரிடம் என்னும் வினா அரை நூற்றாண்டுக்குப் பின் எழுந்தது.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் செய்தவரே என்கிறது. உரிமை இருந்தும் படம் அழிந்துவிட்டால் பயனில்லை. ஆகவே சில எளிய செயல்களை நாம் வழக்கமாக்கிக்கொள்ளலாம். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதலாம். ஈரமும் வெப்பமும் மிகுந்த பரணிலிருந்து அவற்றை இறக்கி உலர்ந்த இடத்தில் வைக்கலாம். பிறருக்குக் கொடுக்குமுன் தெளிவான மின்படி எடுத்துக்கொள்ளலாம். உயில் எழுதும்போது, ஒளிப்படத் தொகுப்பு யாருக்கு என்பதையும் ஒரு வரியில் குறிக்கலாம்.

இவற்றுள் பெயர் எழுதுவதே முதன்மையானது. முகத்தை அறிந்தவர் மறைந்தபின் அதை எவராலும் எழுத இயலாது. அடுத்த விடுமுறை நாளில், வீட்டின் மூத்தவர் அருகில் பழைய தொகுப்பேட்டுடன் அமர்ந்து, ‘இவர் யார்?’ என்று ஒவ்வொரு படமாகக் கேட்போமாக.