கடைமடையும் அரசமைப்பும்

நுழையும்முன்

தலைமடையில் வாழ்வோருக்கும் கடைமடையில் வாழ்வோருக்கும் சட்டத்தின்முன் உரிமை ஒன்றே. அவ்வுரிமை நிலைபெற வேண்டுமாயின், ஆட்சியதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் பகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கூட்டாட்சியின் இவ்வடிப்படையைக் காவிரி வழக்கின் துணைகொண்டு விளக்குகிறது இப்பாடம்.

கடைமடையின் வினா

கீழ்வேளூர், நாகப்பட்டினம் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. குடகில் தோன்றும் காவிரி, கர்நாடகத்தைக் கடந்து மேட்டூரில் தேங்கி, முக்கொம்பையும் கல்லணையையும் தாண்டி, பல கிளைகளாகப் பிரிந்து கடலோரம் நோக்கி வருகிறது. வழியிலுள்ள ஊர்கள் எடுத்தவைபோக எஞ்சிய நீரே கடைமடை வயல்களை அடையும். மேல்மடையார் முறைதவறி நீரை அடைத்தால், ஊர்ப் பொதுவிலோ அதிகாரிகளிடமோ முறையிடலாம். நீரின் அளவு வேறொரு மாநிலத்தில் முடிவாகுமாயின் யாரிடம் முறையிடுவது? இவ்வினாவுக்கு விடை கூறுவது அரசமைப்புச் சட்டமாகும்.

அமெரிக்கா கண்ட வழி

இதே வினா அமெரிக்காவிலும் எழுந்தது. விடுதலைப் போரில் இணைந்து நின்ற 13 மாநிலங்களும் 1781இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையால் தளர்வாகப் பிணைக்கப்பட்டிருந்தன. வரி விதிக்கும் அதிகாரமோ தனி நீதித்துறையோ அந்த நடுவண் அமைப்புக்கு இல்லை. பொடோமாக் ஆற்றில் கலம் செலுத்துவது குறித்து மேரிலாந்தும் வர்ஜீனியாவும் 1785இல் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் இல்லத்தில் கூடிப் பேசின. அப்பேச்சு 1786இல் அன்னாபொலிஸ் கூட்டத்திற்கும், 1787இல் பிலடெல்பியா மாநாட்டிற்கும் வழிகோலியது. அம்மாநாட்டில் உருவானதே அமெரிக்க அரசமைப்பு.

அது அதிகாரத்தை இருவகையாகப் பகுத்தது. சட்டம் இயற்றுதல், செயற்படுத்துதல், நீதி வழங்குதல் ஆகியவற்றை மூன்று துறைகளுக்கு அளித்தது. இது அதிகாரப் பிரிவினை. நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே ஆட்சியைப் பகிர்ந்தது; இது கூட்டாட்சி. மாநிலங்களுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பு உச்ச நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்கன்சா ஆற்று நீர் குறித்துக் கான்சாஸ், கொலராடோ மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கில், மாநிலங்கள் உரிமையில் சமமானவை என்னும் நெறியை அந்நீதிமன்றம் 1907இல் வலியுறுத்தியது.

இந்திய ஏற்பாடு

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, நீரையும் பாசனத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. பல மாநிலங்களுக்குரிய ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆற்றுநீர்ச் சிக்கல்களைத் தீர்க்கச் சட்டமியற்றும் அதிகாரத்தை 262ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. அதன்படி 1956இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய வழக்குகளுக்கெனத் தனி நடுவர் மன்றம் அமைக்க வகைசெய்கிறது.

உழவர் தொடுத்த வழக்கு

சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் காவிரி உடன்பாடுகளைச் செய்துகொண்டன. பிற்காலத்தில் கர்நாடகத்தின் பாசனத் தேவைகள் பெருகின. தமிழ்நாட்டின் பழைய ஆயக்கட்டுக்கும் நீர் தேவைப்பட்டது. இருதரப்பிலும் உழவர் வாழ்வு அடங்கியிருந்தது. அரசுகளின் பேச்சு பலமுறை நடந்தும் முடிவு எட்டப்படவில்லை.

அந்நிலையில் தமிழ்நாட்டு உழவர் சங்கம் ஒன்று 1983இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அடிப்படை உரிமைகளைக் காக்க நேரடியாக அங்கு முறையிட வழிதரும் 32ஆம் உறுப்பே அதற்குத் துணையாயிற்று. நடுவர் மன்றம் அமைக்குமாறு 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு சூன் 2ஆம் நாள் மன்றம் அமைந்தது.

தன் வழக்கில் தானே நடுவரா?

ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் மேட்டூரை அடைவதை உறுதிசெய்யுமாறு 1991 சூன் மாதம் நடுவர் மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன் விளைவைத் தடுக்கக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் 143ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அவ்வவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என 1991 நவம்பர் 22ஆம் நாள் நீதிமன்றம் கூறியது. சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தலாம்; ஆனால், வழக்காடுவோருக்கிடையே வழங்கப்பட்ட தீர்ப்பைத் தள்ளிவைக்க இயலாது. எவரும் தம் வழக்கில் தாமே நடுவராதல் கூடாது. சட்டத்தின் ஆட்சி என்பதன் பொருள் இங்கே தெளிவாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி. நீரைத் தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7 எனப் பகிர்ந்தது. எஞ்சியது சுற்றுச்சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும் ஒதுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டின் பங்கை 404.25 எனவும், கர்நாடகத்தின் பங்கை 284.75 எனவும் மாற்றியது.

தீர்ப்பும் செயலும்

தீர்ப்பு எழுதப்பட்டவுடன் வாய்க்காலில் நீர் வந்துவிடுவதில்லை. 2007ஆம் ஆண்டின் தீர்ப்பு 2013இல்தான் அரசிதழில் வெளியானது. அதனைச் செயற்படுத்தும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018இல் அமைந்தது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் பற்றாக்குறையைப் பகிர்வது இன்றும் கடினமான பணியே. எனினும், வலிமையால் தீரக்கூடிய பூசல் வழக்காக மாறியதும், உழவர் சங்கம் ஒன்றின் மனு ஒன்றிய அரசைச் செயற்பட வைத்ததும் அரசமைப்பின் பயன்களாகும். அரசமைப்பின் வலிமையைக் கடைமடை உழவருக்கு அது பெற்றுத்தரும் நீதியைக் கொண்டே அளத்தல் வேண்டும்.