சின்னஞ்சிறுசுகள் விளையாட லயத்துப் பக்கத்தில் ஓர் இடம்



ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று லயத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று கூட்டங்களில் சொன்னால், வழக்கமாக மூன்று பதில்கள் வரும். “குடியிருக்கவே எடம் பத்தல, இதுல வெளையாட்டுக்கு வேற எடமா?” என்பது ஒன்று. “அதான் கிரவுண்டு இருக்குதே” என்பது இரண்டாவது. “நாங்கள்லாம் பூங்காவுல வெளையாடியா வளந்தோம்?” என்பது மூன்றாவது. மூன்றையும் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

விளையாட்டு வெட்டிப்பொழுதா?

பெரியவர்களுக்கு விளையாட்டு என்பது வேலை முடிந்த பிறகு வரும் பொழுதுபோக்கு. சின்னப்பிள்ளைக்கு அதுதான் வேலையே. தவழுகிற பிள்ளை ஒரு டப்பாவைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போகும்போது கையும் காலும் பலமாகிறது. இரண்டு வயதுப் பிள்ளை மணலை அள்ளிக் கொட்டும்போது விரல்கள் பழகுகின்றன. பின்னால் பென்சில் பிடிக்கப் போவது அந்த விரல்கள்தான். நாலு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ‘கடை’ வைத்து விளையாடும்போது பேச்சு வளருகிறது, எண்ணிக்கை வருகிறது, ‘இப்ப ஒன் முறை, அடுத்து என் முறை’ என்று பொறுத்திருக்கவும் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு ஒரு கணக்கே சொன்னது. ஒரு வயது முதல் நாலு வயது வரையான பிள்ளை ஒரு நாளில் மொத்தம் 3 மணித்தியாலமாவது ஓடியாடித் திரிய வேண்டும். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அதில் 1 மணித்தியாலம் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓட்டம் இருக்க வேண்டும். டிவி, போன் பார்ப்பது இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் ஒரு பிள்ளை 3 மணித்தியாலம் எப்படி ஓடும்? ஓட இடமில்லாத பிள்ளைதான் அடம் பிடிக்கும். அடம் பிடித்தால் கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். இடப்பிரச்சினைதான் இப்படிப் போன் பிரச்சினையாக வெளியே வருகிறது. ஆக, வீடு சின்னதாக இருப்பதுதான் வெளியே இடம் வேண்டும் என்பதற்கு முதல் காரணம்.

கிரவுண்டு யாருக்கு?

தோட்டத்து மைதானம் இளைஞர்களுக்கு உரியது. கிரிக்கெட்டும் கரப்பந்தும் நடக்கிற இடத்தில் மூன்று வயதுப் பிள்ளையை விட முடியாது. மைதானம் பெரும்பாலும் லயத்திலிருந்து தூரத்திலும் இருக்கும். பிள்ளைக் காம்பராவில் விளையாட்டு இடம் இருந்தாலும், அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினதும் கேட்டை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் அதுவும் இல்லை.

அப்படியானால் பின்னேரம் சின்னப்பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? லயத்து வாசலில், கான் ஓரத்தில், பீலிக்கரையில், லொறியும் த்ரீவீலரும் திரும்புகிற ரோட்டில். முந்தி நாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அந்த ரோட்டில் இத்தனை மோட்டார் சைக்கிளும் த்ரீவீலரும் ஓடவில்லை. வேலைக்குப் போகாத பாட்டியோ சித்தியோ லயத்துக்கு லயம் இருந்தார்கள். இப்போது பல வீடுகளில் அம்மா மலைக்கு, அப்பா கொழும்புக்கு என்று போய்விடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சின்னப்பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் இல்லாவிட்டால் காவல் யார்? பத்து வயது அக்காதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்கிறாள். அவளுடைய விளையாட்டும் போகிறது, வீட்டுப்பாடமும் போகிறது. விளையாட இடமில்லாததால் நட்டப்படுவது சின்னப்பிள்ளை மட்டும் அல்ல.

இது சலுகை அல்ல

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. டவுன் பிள்ளைக்கு ஒன்று, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்று என்று அதில் பிரிவு கிடையாது.

எந்த இடம் நல்லது?

பெரிய இடம் தேவையில்லை. நாலைந்து காம்பரா முன்வாசல் அளவு மட்டமான நிலம் போதும். ஆனால் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. அடுப்படியிலிருந்து கண் எட்ட வேண்டும். வேலை முடிந்து வந்த அம்மாவுக்கு விறகு, தண்ணி, சமையல் என்று ஆயிரம் வேலை. தூரத்தில் எவ்வளவு அழகான பூங்கா கட்டினாலும் அவர் கொண்டுபோய் விட மாட்டார். அவரால் முடியாது. வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரமே சரி.

2. ரோட்டுக்கும் இடத்துக்கும் நடுவே வேலி வேண்டும். மூங்கில் தட்டியோ செடிவேலியோ போதும். வழி ஒன்றே ஒன்று இருக்கட்டும்.

3. பெரிய கான், கிணறு, குளம், மலசலகூடக் குழி பக்கத்தில் வேண்டாம். சின்னப்பிள்ளை மூழ்குவதற்கு முழங்கால் தண்ணி கூட வேண்டியதில்லை.

4. மண்திட்டுக்கு அடியிலோ சரிவு விளிம்பிலோ வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்ந்து நிற்பது, ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்கி வருவது ஆகியவை தெரிந்தால் விளையாட்டிடம் மட்டுமல்ல, வீட்டைப் பற்றியும் உடனே அறிவிக்க வேண்டும்.

5. குளவிக்கூடு உள்ள மரம், மஞ்சள் அலரி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மருந்தடிக்கிற மலையை ஒட்டியும் வேண்டாம்.

என்னென்ன வைக்கலாம்?

‘சறுக்கு, ஊஞ்சல், ராட்டினம் எல்லாம் வாங்கக் காசு ஏது?’ என்று கவலைப்பட வேண்டாம். 1943இல் டென்மார்க் நாட்டில் கோப்பன்ஹேகன் நகரத்தில் எம்ட்ரூப் என்ற இடத்தில் ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். அதைத் திட்டமிட்ட சோரன்சன், தோட்டங்களையும் பூங்காக்களையும் அமைப்பவர். தாம் கட்டிய அழகான விளையாட்டிடங்களை விட, கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கும் பலகை, கல், குழாயை வைத்துத்தான் பிள்ளைகள் ஆசையோடு விளையாடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அதனால் அத்தகைய பொருட்களையே கொடுத்துவிட்டார். பிறகு அந்த முறை இங்கிலாந்துக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. நம் வாசலில் சிரட்டையும் ஈர்க்கும் வைத்து விளையாடுகிற பிள்ளை அதைத்தான் செய்கிறது. ஆகவே, கையில் உள்ளதை வைத்தே தொடங்கலாம்.

மணல் குழி: எட்டடிக்கு எட்டடி, ஓரடி ஆழம். அடியில் சல்லிக்கல் போட்டுத் தண்ணி வடியவிட வேண்டும். சிரட்டை, பழைய டப்பா, அகப்பை போதும். பாட்டிமார் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் சொல்லிக்கொடுக்கலாம். இரவில் படங்கு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் நாயும் பூனையும் அசுத்தம் செய்யும், பிள்ளைக்குப் பூச்சி வரும்.

மரக்கட்டைகள்: வெட்டிய மரத்தின் துண்டுகளைப் பாதியளவு நிலத்தில் புதைத்து வரிசையாக வைத்தால் ஏறி இறங்க, தாவ, நடக்கப் பழகலாம். உயரம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். சிராய் இல்லாமல் சீவிவிடுங்கள்.

டயர்: பாதி புதைத்தால் பிள்ளைகள் குதிரை ஏறும், நுழைந்து போகும். கம்பி வெளியே தெரிகிற டயர் ஆகாது. டயரில் தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். அதனால் அடிப்பக்கம் நாலைந்து துளை போடுங்கள், மண்ணால் நிரப்பினால் இன்னும் நல்லது. வாரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனென்றால் முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஊஞ்சல்: இதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும். ஆறடி உயரத்தில் கட்டிய ஊஞ்சல் என்றால் முன்னால் 12 அடி, பின்னால் 12 அடி காலியாக இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் ஊஞ்சலே வேண்டாம். ஆசனம் பலகையாக இல்லாமல் ரப்பராக இருந்தால் மண்டையில் பட்டாலும் காயம் குறையும்.

விழுந்தாலும் அடிபடாத தரை

பிள்ளை விழத்தான் செய்யும். விழாத பிள்ளை ஏறப் பழகாது. நம் வேலை விழுகிற இடத்தை மெத்தென்று வைப்பதுதான். விளையாட்டிடக் காயங்களில் அதிகம் விழுவதால் வருபவையே. சீமெந்துத் தரை கூடவே கூடாது. மிதிபட்டு இறுகிய மண்ணும் புல்லும் கூடக் கிட்டத்தட்ட சீமெந்து மாதிரிதான். நாலடி உயரத்துச் சாமானுக்குக் கீழே மணல் குறைந்தது 9 அங்குலம் தடிப்பாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஆறடிக்குக் கல்லோ கட்டையோ கிடக்கக் கூடாது. மழையில் மணல் அரிந்து போகும் என்பதால் அடிக்கடி கிளறி நிரப்புங்கள்.

ஏணிப்படி, கிராதி செய்தால் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக, அல்லது ஒன்பது அங்குலத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தால் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கழுத்தில் தாயத்துக் கயிறு, தொங்குகிற துண்டு இருந்தால் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். அது எதிலாவது மாட்டி இறுக்கினால் உயிருக்கே ஆபத்து.

யார் பார்த்துக்கொள்வது?

அனேகமான விளையாட்டிடங்கள் பாழாவது காசில்லாமல் அல்ல, ஆளில்லாமல்தான். திறப்புவிழாவுக்கு மாலை வரும். மூன்றாம் மாதம் ஊஞ்சல் அறுந்து கிடக்கும். பிறகு அது ஆடு கட்டுகிற இடமாகிவிடும். இதைத் தவிர்க்க ஒரே வழி முறை போடுவதுதான். பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணிவரை, ஒரு நாளைக்கு ஒரு வீடு. பத்து வீடு சேர்ந்தால் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். அதிலே தகப்பன்மாரும் சேர வேண்டும். பிள்ளையைப் பார்ப்பது பொம்பளை வேலை என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை.

பெரியவர்கள் உட்கார நிழலில் ஒரு வாங்கு போடுங்கள். தாத்தாவும் பாட்டியும் உட்கார இடம் இருந்தால் தாமாகவே வருவார்கள், கண்ணும் வைத்துக்கொள்வார்கள். விளையாடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பக்கத்தில் தண்ணி வேண்டும். மண்ணில் விளையாடும்போது காலில் செருப்பு இருந்தால் கொக்கிப்புழு ஏறாது.

எப்படித் தொடங்குவது?

தோட்டக் காணி குத்தகைக் காணி. 1992இலிருந்து கம்பனிகள் நிர்வகித்து வருகின்றன. அதனால் துரையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து குடும்பங்கள் கையெழுத்து வைத்து, இடத்தின் சின்னப் படம் ஒன்று கீறி, தலைவர்மார், மாதர் சங்கம், நலன்புரி உத்தியோகத்தர் ஊடாகக் கடிதம் கொடுங்கள். தேயிலை இல்லாத மொட்டை நிலத்தைக் கேட்டால் மறுப்பது குறைவு.

பிரதேச சபையிடமும் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, ‘தோட்டத்துக்கு நாங்க செய்ய ஏலாது’ என்ற பழைய பதிலைக் கேட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை.

டவுன் பூங்காவுக்குப் போகும்போது

வருசத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நுவரெலியா விக்டோரியா பூங்கா 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாகப் பெயர் பெற்றது. டவுன் நடுவிலேயே இருக்கிறது, சிறுவர் பகுதியும் உண்டு. ஏப்ரல் சீசனில் சனக்கூட்டம் அதிகம். போனவுடன் ‘தொலைஞ்சா இந்த எடத்துல நிக்கணும்’ என்று ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். போன் நம்பரை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தகரச் சறுக்கு வெயிலில் கொதிக்கும், முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். கிரகரி வாவிப் பக்கம் போனால் சின்னப்பிள்ளையின் கையை விடவே வேண்டாம்.

ஆனால் வருசத்தில் ஒரு நாள் டவுன் பூங்கா, மிச்சம் 364 நாளும் கான் ஓரம் என்றால் பிள்ளைக்குப் போதாது. வருகிற சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் லயத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சுற்றி நடந்து பாருங்கள். மேலே சொன்ன ஐந்து விசயத்துக்கும் பொருந்துகிற இடம் ஒன்று அகப்பட்டால், மறுநாளே கடிதத்தை எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமானால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். படம் கீறுவதற்கு அளவுநாடாவும் அங்கே இருக்கிறது.