பேசும் மருந்துப் பெட்டி

என் அன்னைக்குக் கண்பார்வை மங்கிய பிறகு, மருந்துப் பெட்டியின்மேல் எழுதி ஒட்டிய சீட்டுகள் பயனற்றுப் போயின. பெட்டியே பேசினால் என்ன என்று தோன்றியது. ஒரு சிறு மின்னணுச் சுற்றை அமைத்து, எந்த மாத்திரையை எப்போது உண்பது என்பதை என் குரலிலேயே பதிந்து, பெட்டியில் பொருத்தினேன். மறுநாளே அன்னை கேட்டார்: "சாப்பாட்டுக்கு முன்னுன்னு சொல்றியா, பின்னுன்னு சொல்றியா? ஒண்ணும் புரியலையேப்பா!"

இணைப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன. குறை, நான் தேர்ந்தெடுத்த ஒரு மின்தடையில் இருந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

குரல் எவ்வாறு தங்குகிறது?

நான் பயன்படுத்தியது ஐ.எஸ்.டி. 1820 என்னும் 14 கால்கள் கொண்ட சில்லு. நாம் பேசும்போது ஒலிவாங்கி ஒலி அலையை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. சில்லு இதைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. சீரான இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு நினைவறையில் மின்னூட்டமாகச் சேமிக்கிறது. வரிசையாக அடுக்கிய குவளைகளில் வெவ்வேறு உயரத்துக்கு நீர் ஊற்றி வைப்பது போன்றது இது. அறைகளைச் சுற்றி மின்கடத்தாப் பொருள் இருப்பதால் மின்னூட்டம் கசிவதில்லை. ஆகவே மின்கலத்தைக் கழற்றினாலும் பதிவு அழியாது.

சுற்றை அமைத்தல்

1.5 வோல்ட் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணையுங்கள். நேர்முனை 11ஆம் காலுக்கும், எதிர்முனை 8, 14ஆம் கால்களுக்கும் செல்ல வேண்டும். 9 வோல்ட் மின்கலத்தை இணைத்தால் சில்லு கெட்டுவிடும். 8 ஓம் ஒலிபெருக்கியை 7, 9ஆம் கால்களுக்கிடையே பொருத்துங்கள்.

எலெக்ட்ரெட் ஒலிவாங்கியின் நேர்முனையை ஒரு 4.7 கிலோ ஓம் தடை வழியே மின்கல நேர்முனையுடனும், மறுமுனையை இன்னொரு 4.7 கிலோ ஓம் தடை வழியே எதிர்முனையுடனும் இணையுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் வழியே முறையே 4, 5ஆம் கால்களுக்கு இணைப்புத் தாருங்கள். 6ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 4.7 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று வேண்டும்; அதன் நேர்முனை 6ஆம் கால் பக்கம் இருக்கட்டும்.

1, 2ஆம் கால்களைத் தனித்தனி அழுத்து பொத்தான்கள் வழியே மின்கல நேர்முனையுடன் இணையுங்கள். முதற் பொத்தானை அழுத்திக்கொண்டே பேசினால் குரல் பதியும். இரண்டாவதை ஒருமுறை தட்டினால் பதிந்தது முழுவதும் ஒலிக்கும்.

நேரமா, தெளிவா?

10ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே வைக்கும் மின்தடைதான் அளக்கும் வேகத்தை முடிவு செய்கிறது. 80 கிலோ ஓம் வைத்தால் விநாடிக்கு 8,000 அளவுகள். 8 விநாடி பேசலாம். 200 கிலோ ஓம் வைத்தால் விநாடிக்கு 3,200 அளவுகள். 20 விநாடி பேசலாம். பெருக்கிப் பாருங்கள்: இரண்டிலும் விடை 64,000! குவளைகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவற்றை நிரப்பும் வேகம்தான் மாறுகிறது.

ஓர் அதிர்வெண்ணைச் சரியாகப் பதிய, அதைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளக்க வேண்டும். நைக்விஸ்ட் 1928இல் வழிகாட்டிய இக்கருத்தை ஷானன் 1949இல் நிறுவினார். எனவே 8 விநாடிப் பதிவில் ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ் வரையிலும், 20 விநாடிப் பதிவில் 1,300 ஹெர்ட்ஸ் வரையிலுமே ஒலிகள் தங்கும். மற்றவற்றைச் சில்லு வடிகட்டி நீக்கிவிடும்.

நான் நீண்ட செய்தி சொல்ல விரும்பி 200 கிலோ ஓம் வைத்திருந்தேன். இகரம், உகரம் இரண்டுக்கும் 300 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஏறத்தாழ ஒன்றே. இகரத்தை இனங்காட்டுவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி. அது நீங்கினால் இகரம் உகரம்போல் ஒலிக்கும். 'பின்' ஏறக்குறைய 'புன்' ஆகிவிட்டது. அன்னைக்கு அது 'முன்'னோ என்ற ஐயம் எழுந்ததில் வியப்பென்ன?

80 கிலோ ஓம் தடையை வைத்து, செய்தியையும் சுருக்கினேன்: "இரவு, சாப்பிட்ட பிறகு, ஒன்று." ஐயம் தீர்ந்தது.

நீங்களும் இரு தடைகளையும் மாற்றி மாற்றி வைத்து, 'கிளி', 'குளி' என்ற சொற்களைப் பதிந்து, நண்பர் ஒருவரைக் கேட்கச் செய்யுங்கள். எந்தத் தடையில் அவர் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறருக்காக இத்தகைய கருவி செய்யும்போது, அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்த பின்னரே கையில் கொடுங்கள்.