ஆன்டிவைரசுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தாலும் சரி, ஷோரூமில் லேப்டாப் எடுத்தாலும் சரி, பில் போடும் நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "ஆன்டிவைரஸ் ஒரு வருஷமா, மூணு வருஷமா?" தேவையா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் விண்டோஸ் கணினி வைத்திருக்கும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். 2012-ல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி ஆன்டிவைரஸ் விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அதன் பெயர் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர். சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்காது என்ற சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இதன் முன்னோடியான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில் 2012-ல் சான்றிதழையே இழந்தது. அதே ஆய்வகத்தில் அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் பல சுற்றுகளில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. குறையே இல்லை என்று சொல்ல முடியாது. இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது. பழைய இயந்திரங்களைக் கொஞ்சம் மந்தமாக்கவும் செய்யும். ஆனால் விலை கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், வீட்டுக் கணினியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

தீர்மானிப்பது எது என்பதற்கு 2017 மே 12 நல்ல சாட்சி. அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற வைரஸ், 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 முன்பதிவுகள் ரத்தாயின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. விண்டோசில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது தானாகவே கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் அதைப் போடாத கணினிகள்தான் விழுந்தன. இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்கு வரும். ஏமாறும் இடம் இதுதான். பட்டியல் புதிதாக இருப்பதால் ஓட்டை அடைபட்டதாக ஆகாது. அப்படிப்பட்ட கணினிக்கு எந்த நிறுவனத்தின் ஆன்டிவைரசை வாங்கிப் போட்டாலும் இதே கதைதான். இயந்திரம் தாங்கினால் விண்டோஸ் 11-க்கு மாறலாம். தாங்காவிட்டால் லினக்ஸ் போடலாம், காசு கேட்காது.

ஓட்டை வழியாக வருவதைவிட, நாமே கதவைத் திறந்து உள்ளே விடுவதுதான் இப்போது அதிகம். விலை உயர்ந்த மென்பொருளின் 'கிராக்' பதிப்பை இறக்குகிறோம், நிறுவும் முன் ஆன்டிவைரசை நிறுத்தச் சொல்கிறது அதன் குறிப்பு, நிறுத்துகிறோம். பாதுகாவலனைப் போகச் சொன்ன பிறகு அவன் எந்தக் கம்பெனி ஆள் என்பதில் என்ன இருக்கிறது? இன்னொரு தந்திரம்: 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் போலிப் பக்கம், விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். தட்டினால், கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்றை உங்கள் விரலே இயக்கிவிடும். அவ்வகைத் திருட்டு நிரல்களில் ஒன்றான லும்மா, 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் 3.94 லட்சம் விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்பவர்களும் இந்த ரகம்தான். எனிடெஸ்க் முறையான மென்பொருள் என்பதால், அதை வைரஸ் என்று எந்த ஆன்டிவைரசும் அலறாமல் போகலாம்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவோர் எல்லாம் ஏமாளிகளா? இல்லை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் நிறுவனங்கள். பிள்ளைகளின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் வசதி, சிக்கல் என்றால் தொலைபேசியில் பேச ஓர் ஆள் ஆகியவை சில வீடுகளுக்குத் தேவைப்படலாம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்தத் தொலைபேசி எண் ஒன்றே போதும், கொடுத்த காசுக்கு. எனக்குத் தயக்கம் எல்லாம், 'இலவசம்' என்று வந்து நிற்கும் பிற ஆன்டிவைரஸ்களிடம்தான். கணினியில் நாம் செய்வது அனைத்தையும் பார்க்கும் அதிகாரம் இந்த மென்பொருளுக்கு உண்டு. அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது. செய்தி வெளியானதும் 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடியது. இது தொடர்பான வழக்கில் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அறிவித்தது. பின்தொடர்வோரிடமிருந்து காப்போம் என்று சொன்ன மென்பொருளே பின்தொடர்ந்திருக்கிறது!

ஆண்டுச் சந்தா முடிகிறது என்று திரையில் பயமுறுத்தல் வந்தால் பதற வேண்டாம். அந்த ஆன்டிவைரசை முறையாக நீக்குங்கள். டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து அதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், கூடவே அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மிச்சமான சந்தாப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிப் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். இவ்வளவுக்குப் பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால், கணினியைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.