ரெட்ரோ ஸ்போர்ட்ஸ் கார் கட்ட பர்சனல் லோன் போடலாமா?

போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு. எழுதினவர் திருவொற்றியூர்க்காரர், வயசு 27, மணலி பக்கம் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 42,000. ஒரு பழைய மாருதி 800 வாங்கி, பாடியைக் கழட்டிட்டு, 1950-கள்ல வந்த பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி நீளமான பானட், உருண்டை ஹெட்லைட், ரெண்டே சீட்னு தானே டிசைன் பண்ணி கையாலேயே ஒரு பாடி கட்டணும்னு ஆசை. செலவு 6 லட்சம்னு போட்டு வச்சிருக்கார். பேங்க்ல 14 சதவீதத்துல, 5 வருஷத்துக்கு லோன் ரெடி. "எடுக்கலாமா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி"ன்னு ஒரு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த ஏரியாவுல வளர்ற பையனுக்கு இந்த ஆசை வரலைன்னாதான் ஆச்சரியம். எண்ணூர்ல 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், லாரிக்குப் போறதுக்கு முன்னாடி ஆஸ்டின் ஏ40 காரைத்தான் பாகம் பாகமா இறக்கிப் பூட்டிக்கிட்டு இருந்தது. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில புல்லட் டேங்க் மேல தங்கக் கோடு போட்டது மெஷின் இல்லை, பிரஷ் பிடிச்ச மனுஷக் கை. அதனால கணக்கை முழுசாவே பார்ப்போம்.

முதல்ல லோன். 6 லட்சம், 14 சதவீதம், 60 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 13,960. மொத்தம் கட்டுறது 8 லட்சத்து 37 ஆயிரத்தைத் தாண்டும். சம்பளத்துல மூணுல ஒரு பங்கு அஞ்சு வருஷத்துக்குப் போயிடும். அதே 13,960-ஐ மாசாமாசம் ஒதுக்கி வச்சா, வட்டியே வரலைன்னாலும் 43 மாசத்துல 6 லட்சம் கையில இருக்கும். ஆர்.டி. வட்டி சேர்ந்தா இன்னும் சில மாசம் குறையும். இதுவரைக்கும் நம்ம சேனல் பார்க்குறவங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

தெரியாத கதை காசிமேட்டுல இருக்கு.

மீன்பிடி துறைமுகத்துல நிக்கிற ஃபைபர் படகைப் பார்த்திருப்பீங்க. ஃபைபர் கார் பாடி செய்யறதும் அடிப்படையில அதே வேலைதான். முதல்ல வேணுங்கிற வடிவத்துலயே ஒரு மாதிரி செய்வாங்க. பட்டி போட்டு, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கணும். அது மேல வேக்ஸ் பூசி, அதுல இருந்து மோல்டு எடுக்கணும். அப்புறம் அந்த மோல்டுக்குள்ள ஜெல்கோட், அது மேல கண்ணாடி நார் மேட், ரெசின், திரும்ப மேட், ரெசின். காத்துக் குமிழி நிக்காம ரோலர் ஓட்டணும். இறுகினதும் கழட்டினா பாடி. கடல் காத்துல துருப் பிடிக்காது, அது பெரிய லாபம். தகரத்தை டிங்கரிங் பண்ணி எண்ணூர் காத்துல நிறுத்தினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

இங்கே பணம் எங்க போகுதுன்னு கவனிங்க. உழைப்பெல்லாம் மாதிரியிலயும் மோல்டுலயும். மோல்டு தயாரானா அடுத்தடுத்த படகுக்கு மெட்டீரியலும் சில நாள் கூலியும்தான். ஒரு மோல்டு செலவை நிறைய படகுகள் பங்கு போட்டுக்கும். நீங்க கட்டப்போறது ஒரே ஒரு கார், மோல்டு செலவு முழுசும் அதன் தலையில. மெயில்ல வந்த 6 லட்சத்துல மோல்டுக்குன்னு ஒரு வரி கூட இல்லை.

இந்தக் கணக்கைப் புரிஞ்சு வச்சிருந்தவர் கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். 1980-களின் கடைசியில மாருதி 800 இன்ஜினை வச்சு, ஒத்தை சீட் ரேஸ் காரை உள்ளூர்லயே, குறைந்த செலவுல கட்டினார். ஒண்ணு இல்லை, ஒரே மாதிரி பல கார். அதுதான் ஃபார்முலா மாருதி. பின்னாடி 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஆரம்பிச்சது அந்த வகைக் கார்லதான். 1995-ல விமான விபத்துல கரிவரதன் இறந்துட்டார். கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான்.

ரெட்ரோ ரோட்ஸ்டர்னு சொன்னா நம்ம நாட்டுல நினைவுக்கு வர்றது மகாராஷ்டிரா அலிபாக்ல இருந்து வந்த சின்காரா ரோட்ஸ்டர். குழாய் சேஸிஸ், ஃபைபர் பாடி, அம்பாசடர்ல வந்த இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின். தோற்றம் 1957-ல வந்த லோட்டஸ் செவன் வழி. அந்த லோட்டஸ் கதையில நமக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. பிரிட்டன்ல முழுசா செஞ்ச காருக்கு அப்போ பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு, பாகங்களா வாங்கி நீங்களே பூட்டினா கிடையாது. ஆனா பூட்டுற முறையை எழுதிக் கொடுத்தா வரி விழும். அதனால "கழட்டுவது எப்படி"ன்னு எழுதிக் கொடுத்தாங்களாம், வாங்கினவங்க அதைக் கடைசியில இருந்து படிச்சுக்கணும்! 1973-ல வாட் வந்ததும் அந்த லாபம் போச்சு. டாக்ஸ் பிளானிங் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைக்காதீங்க.

சின்காரா அம்பாசடர் இன்ஜினை எடுத்ததுக்கு வடிவம் சார்ந்த காரணமும் சொல்லலாம். ரெட்ரோ ரோட்ஸ்டரோட அழகே முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல இருக்குற நீளம். இன்ஜின் நீளவாக்குல உட்கார்ந்து பின் சக்கரம் இழுக்குற வண்டியில அது இயல்பா அமையும். மாருதி 800-ல இன்ஜின் குறுக்குவாக்குல, இழுக்குறது முன் சக்கரம், அதுவும் கதவுக்குப் பக்கத்துலயே. அது மேல நீள பானட் வச்சா மூக்கு மட்டும் முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். பிரீமியர் பத்மினி மாதிரி பின் சக்கர டிரைவ் வண்டிதான் இதுக்குச் சரி.

இப்போ எல்லாத்தையும் விடப் பெரிய செலவு: சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்.சி.யில இருக்குற விவரம் கம்பெனி கொடுத்த வடிவத்துல இருந்து மாறுற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துக்கு அப்புறம் மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் கூட சேரலாம். புது வண்டியாவே பதிவு பண்றேன்னா, கம்பெனிகள் மாதிரி டெஸ்டிங் ஏஜென்சியில அப்ரூவல் வாங்கணும். ஒத்தைக் காருக்கு அந்தச் செலவு எந்த சம்பளக்காரருக்கும் கட்டாது. சொல்லாம மாத்தின வண்டிக்கு விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கும். மூணாவது ஆள் அடிபட்டா அந்தப் பணம் உங்க வீட்டு மேல வந்து நிக்கலாம்.

ஆக 8.37 லட்சம் கட்டி முடிக்கும்போது கையில இருக்கிறது ரோட்டுல ஓட்ட முடியாத, விற்கவும் முடியாத ஒரு கார்.

நான் பத்து வருஷம் முன்னாடி ஒரு பழைய பத்மினி வாங்கி ஒரு பட்டறையில விட்டேன். "ரெண்டு மாசம் சார்"னாங்க. பதினாலு மாசம். ஒவ்வொரு தகரத்தைக் கழட்டும்போதும் உள்ள இன்னொரு துரு. அட்வான்ஸ் மேல அட்வான்ஸ். அப்போ கிரெடிட் கார்டுல தேய்ச்சதை அடைக்க எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு, வீட்டுல கடைசி வரை முழுத் தொகையைச் சொல்லலை.

அதனால அந்தத் தம்பிக்கு நான் எழுதினது இது. லோன் வேண்டாம். 10,000 ரூபாய்க்குள்ள ஒரு குட்டி மாடல் பண்ணுங்க, நிஜ அளவுல நாலுல ஒரு பங்கு. தெர்மாகோல் வேண்டாம், பாலியஸ்டர் ரெசின் பட்டா கரைஞ்சு போகும், பி.யூ. ஃபோம் வாங்குங்க. ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேரா கலந்துடாதீங்க, வெடிக்கும். கண்ணாடி, மாஸ்க் போடாம தொடவே கூடாது. ஃபைபர் படகு கட்டுறவங்ககிட்ட நாலு ஞாயித்துக்கிழமை கூட நின்னு ரோலர் பிடிக்கக் கத்துக்கோங்க. வாரத்துக்கு எட்டு மணி நேரம்னா வருஷத்துக்கு 400 மணி நேரம் கூட தேறுறது கஷ்டம், கையால ஒரு முழு பாடிக்கு அது பத்துமான்னு அந்த மாடல் முடியும்போது நீங்களே சொல்லிடுவீங்க. கூடவே மாசம் 5,000-க்கு தனி ஆர்.டி. அது எமர்ஜென்சி ஃபண்டுக்கு அப்புறம்தான். ரோட்டுல ஓட்டணும்னா பழைய வண்டியை அதன் ஒரிஜினல் வடிவத்துக்கே மீட்டெடுங்க, அதுக்குச் சட்டம் தடையில்லை.

போன வாரம் பதில் வந்துச்சு. லோனை வேண்டாம்னு சொல்லிட்டாராம். மொட்டை மாடியில ஃபோம் செதுக்கின ஒரு போட்டோ கூடவே. வலது பக்க ஃபெண்டர் இடதை விடக் கொஞ்சம் தடிப்பா இருக்கு, அதை எப்படி சரி பண்றதுன்னு கேட்டிருக்கார்.