உங்களைக் கேட்காமல் வீடியோ எடுத்தால் குற்றமா? சட்டம் சொல்வது என்ன?

பஸ்ஸில் அசந்து தூங்குகிறீர்கள். எதிர் சீட்டில் இருப்பவர் அதை வீடியோ எடுத்து, காமெடி பிஜிஎம் சேர்த்து ரீல்ஸில் போட்டுவிடுகிறார். சாயங்காலத்துக்குள் அது உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துவிடுகிறது. இதுக்கு கேஸ் போட முடியுமா?

பதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். பொது இடத்தில் ஒருவரைக் கேட்காமல் படம் எடுப்பதே குற்றம் என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே அது பறிபோகாது என்றும் சொன்னது. ஆனால் அடிப்படை உரிமை என்பது பெரும்பாலும் அரசுக்கு எதிரான கேடயம். எதிர் சீட்டுக்காரரை அதை மட்டும் வைத்து ஸ்டேஷனுக்கு இழுக்க முடியாது.

உடல் சம்பந்தப்பட்டால் கதையே வேற. படிக்கட்டில் ஏறும் ஒருவரின் ஆடைக்குள் தெரியும்படி கீழிருந்து படம் எடுத்தால், அது நடுரோட்டில் நடந்திருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவு பாயும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆண், பெண் எல்லோருக்கும் இது பொருந்தும். உடை மாற்றும் அறை போன்ற இடங்களில் பெண்களை ரகசியமாகப் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு. முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

இந்த 77-ல் பலருக்கும் தெரியாத ஒரு விளக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை எடுக்க அந்தப் பெண்ணே சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்புவது குற்றம். 'அவதானே போஸ் கொடுத்தா' என்ற சால்ஜாப்பு செல்லாது.

அப்போ பஸ் வீடியோ? ஆப்பில் ரிப்போர்ட் அடிக்கலாம், அதன் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். 'திருடன்', 'குடிகாரன்' என்று பொய்யாகத் தலைப்பு வைத்திருந்தால், 356-வது பிரிவில் அவதூறு வழக்கும் போடலாம்.

கோபத்தில் போனைப் பிடுங்காதீர்கள், கேஸ் உங்கள் பக்கம் திரும்பும். ஆபாசமாக எடுத்திருந்தால் 'உடனே டெலீட் பண்ணு' என்று மிரட்டவும் வேண்டாம், அழிவது உங்கள் ஆதாரம். லிங்க், ஐடி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களை அங்கே பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.