நிதி மந்திரியின் பதவியைப் பறித்த பங்கு பேரம்

மாதச் சம்பளக்காரர் வீடு. அரிசி, மளிகை, வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் போக மிச்சம் ஆவது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் கொஞ்சம் எடுத்து இன்ஷூரன்சுக்குக் கட்டுகிறார்கள். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது" என்ற கவலைதான் காரணம். பாலிசி பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, பத்திரமாக இருக்கிறது.

பத்திரம் பத்திரமாக இருக்கிறது, சரி. கட்டிய பணம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை 1957-ம் ஆண்டில் ஒருவர் கேட்டார். டெல்லி பார்லிமெண்டில் எழுந்து நின்று கேட்டார். அந்தக் கேள்வி, இந்தியாவின் நிதி மந்திரியையே நாற்காலியில் இருந்து இறக்கி விட்டது.

நாற்காலி இழந்தவர் சென்னைக்காரர். டி.டி.கிருஷ்ணமாச்சாரி. "டி.டி.கே." என்றால் எல்லோருக்கும் தெரியும். கேள்வி கேட்டவர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன், இந்திராவின் கணவர். இருவரும் ஒரே கட்சி, காங்கிரஸ்!

245 கம்பெனிகள் ஒன்றாயின

கதையைச் சற்று முன்னால் இருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இன்ஷூரன்ஸ் நடத்தியவர்கள் தனியார்கள். நாணயமாக நடத்தியவர்களும் உண்டு. ஜனங்கள் கட்டிய பணத்தை எடுத்துத் தங்கள் சொந்த வியாபாரத்தில் போட்டவர்களும் உண்டு. இதைப் பற்றி 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் விவரமாகப் பேசினார். மறு மாதமே, அதாவது 1956 ஜனவரி 19-ந்தேதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டன. 1956 செப்டம்பர் 1-ந்தேதி "எல்.ஐ.சி." பிறந்தது.

சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடிக் கட்டிடத்தை அண்ணாந்து பார்க்காதவர் யார்? அதைக் கட்டத் தொடங்கியதும் ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். பாதியில் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1959-ல் திறப்பு விழா நடந்தது.

தனியாரிடம் இருந்தால் பணத்துக்கு ஆபத்து, சர்க்காரிடம் இருந்தால் பயம் இல்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதற்கு ஏற்றபடி சட்டத்திலும் ஒரு பூட்டுப் போட்டு இருந்தார்கள். எல்.ஐ.சி. தன் பணத்தை எதில் போடலாம் என்று யோசனை சொல்ல ஒரு முதலீட்டுக் கமிட்டி இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பூட்டு. பணம் விஷயம் தெரிந்தவர்கள் அந்தக் கமிட்டியில் இருந்தார்கள்.

பூட்டு நல்ல பூட்டுதான். எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள் அதைத் தொடாமலே கதவைத் திறந்து விட்டார்கள்!

முந்த்ரா

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒரு வியாபாரி இருந்தார். ஆரம்பத்தில் மின்சார பல்பு விற்றவர் என்று சொல்வார்கள். பிறகு பங்குச் சந்தையில் இறங்கினார். பெரிய பெரிய கம்பெனிகளைப் பிடித்தார்.

பங்கு என்றால் என்ன? ஒரு கம்பெனியை ஆயிரம் துண்டாகப் பிரித்து விற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு துண்டை வாங்கியவருக்கு ஆயிரத்தில் ஒரு பாகம் சொந்தம். கம்பெனி நன்றாக நடந்தால் துண்டின் விலை ஏறும், நொடித்தால் இறங்கும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் விலை போலத்தான்.

முந்த்ரா கடன் வாங்கிப் பங்குகளை வாங்கினார். அந்தப் பங்குகளை அடமானம் வைத்து மேலும் கடன் வாங்கினார். 1957-ல் கடன் கழுத்தை நெரித்தது. பணம் புரட்டியே தீர வேண்டும். அப்போதே அவர் பெயர் சந்தையில் கெட்டுப் போய் இருந்தது. போலிப் பங்குகளை விற்றதாக 1956-ல் பம்பாய் பங்குச் சந்தையில் அவர் மீது புகார் எழுந்தது.

இப்படிப்பட்டவரின் பங்குகளை யார் வாங்குவார்கள்?

எல்.ஐ.சி. வாங்கியது! 1957 ஜூன் மாதக் கடைசி வாரத்தில், முந்த்ராவின் 6 கம்பெனிகளின் பங்குகளை 1 கோடியே 24 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. பேச்சு தொடங்கிப் பேரம் முடியச் சில நாட்கள்தான் பிடித்தது. சந்தை விலையைக் காட்டிலும் அதிக விலை போட்டுக் கொடுத்தார்கள். முதலீட்டுக் கமிட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரில் சீட்டுப் பிடிக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை நம்பிப் பணம் கட்டுகிறது. அவர் அந்தப் பணத்தை எடுத்துப் போய், கடனில் தத்தளிக்கும் கடைக்காரரிடம், உள்ள விலைக்கு மேலே கொடுத்து, அவர் கடையில் பங்கு வாங்கினால் தெரு சும்மா இருக்குமா? எல்.ஐ.சி. விஷயத்தில் தெரு என்பது லட்சக்கணக்கான குடும்பங்கள். அவர்களுக்கு விஷயமே தெரியாது.

மருமகன் எழுந்தார்

கசிந்த செய்தி பார்லிமெண்டுக்கு வந்தது. எம்.பி.க்கள் கேள்வி கேட்டார்கள். வந்த பதில்கள் நழுவலாக இருந்தன. ஆனால் பெரோஸ் காந்தி விடுகிற ஆள் இல்லை. கையில் கணக்குகளைச் சேர்த்துக் கொண்டார். எந்தத் தேதியில் எந்தப் பங்கு என்ன விலை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார்.

1957 டிசம்பர் 16-ந்தேதி அவர் பேசினார். கூச்சல் இல்லை, வசை இல்லை, எல்லாம் கணக்கு. எல்.ஐ.சி.யைப் படைத்தது பார்லிமெண்டு, ஆகவே அதைக் கண்காணிப்பதும் பார்லிமெண்டின் கடமை என்று சொன்னார். சொந்தக் கட்சி மந்திரி, மாமனாரின் சர்க்கார். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். பார்லிமெண்டில் பேசியதை உள்ளபடி பத்திரிகையில் போட்டால் வழக்கு வராது என்று 1956-ல் ஒரு சட்டம் வந்தது. அதைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டு வந்தவரும் இதே பெரோஸ் காந்திதான். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்ததால் முந்த்ரா விவகாரத்தைப் பத்திரிகைகள் அஞ்சாமல் வெளியிட முடிந்தது. (1976-ல் நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டம் ரத்து செய்யப்பட்டது. அப்போது பிரதமர் அவருடைய மனைவி இந்திரா காந்தி! 1977-ல் வேறு சர்க்கார் வந்து சட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது.)

தெருவில் ஒலிபெருக்கி

விசாரணைக்கு நேரு உத்தரவிட்டார். பம்பாய் ஐகோர்ட்டு பிரதம நீதிபதி எம்.சி.சாக்ளா ஒருவரே கமிஷன். 1958 ஜனவரியில் பம்பாயில் விசாரணை தொடங்கியது.

"எல்லாம் பகிரங்கமாக நடக்கும்" என்பது சாக்ளாவின் முடிவு. ஜனங்களின் பணம், ஆகவே ஜனங்கள் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் இல்லாதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். கச்சேரி கேட்கிற மாதிரி ஜனங்கள் நின்று சாட்சியம் கேட்டார்கள்.

சாட்சிக் கூண்டுக்கு வந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. ரிசர்வ் வங்கி கவர்னர் வந்தார். ஸ்டேட் வங்கித் தலைவர் வந்தார். எல்.ஐ.சி. தலைவராக இருந்த காமத் வந்தார். நிர்வாக இயக்குனர் வைத்தியநாதன் வந்தார். நிதி இலாகாவின் தலைமைச் செயலாளர் எச்.எம்.பட்டேல் வந்தார். கடைசியில் நிதி மந்திரியே வந்தார்.

"எதற்காக வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் சொல்லப்பட்டது. கல்கத்தா பங்குச் சந்தை விழுந்து கிடந்தது, அதைத் தூக்கி நிறுத்துவதற்காக வாங்கினோம் என்றார்கள். சாக்ளா அதை ஏற்கவில்லை. சந்தையே விழுந்து விட்டது என்றால் பல பேருடைய பங்குகளை வாங்கி இருக்க வேண்டும். ஒரே ஆளுடைய பங்குகளை வாங்கினால் எழுந்து நிற்பது சந்தையா, அந்த ஆளா?

அடுத்து, "யார் சொல்லி வாங்கினீர்கள்?" என்ற கேள்வி. இங்கேதான் விசாரணை சூடு பிடித்தது.

எல்.ஐ.சி. அதிகாரிகள் நிதிச் செயலாளரைக் காட்டினார்கள். அவர் சொன்னார், நாங்கள் செய்தோம் என்றார்கள். செயலாளர் மந்திரியைக் காட்டினார். மந்திரிக்குத் தெரிந்துதான் செய்தேன் என்றார். மந்திரியோ, இந்தப் பேரத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை என்றார்.

மந்திரி சொன்னதற்கும் செயலாளர் சொன்னதற்கும் எழுத்தில் உத்தரவு இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு கோடி ரூபாய் வாய்ப்பேச்சில் போய் விட்டது! ஒரு பியூன் 2 ரூபாய் பஸ் செலவு கேட்டால் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லும் ஆபீசுகள் இவை.

இதில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. காமத்தும் வைத்தியநாதனும் கற்றுக்குட்டிகள் அல்ல. எல்.ஐ.சி. ஒரு சுதந்திரமான ஸ்தாபனம். "கமிட்டியைக் கூட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்ல அவர்களுக்குச் சட்டமே இடம் கொடுத்து இருந்தது. அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வாயில் இருந்து வரவில்லை. மேலே இருந்து சொன்னால் செய்து பழகிய பழக்கம். கமிட்டியைக் கேட்டு இருந்தால், முந்த்ராவைப் பற்றித் தெரிந்தவர்கள் அதில் இருந்ததால், பேரம் நடந்தே இருக்காது என்று சாக்ளா கருதினார்.

அறிக்கை

விசாரணைக் கமிஷன் என்றால் வருடக் கணக்கில் இழுப்பது வழக்கம். சாக்ளா 1958 பிப்ரவரியிலேயே அறிக்கையைக் கொடுத்து விட்டார்.

மந்திரியின் கீழ் உள்ள அதிகாரி செய்ததற்கு மந்திரியே முழுப் பொறுப்பு என்றார். "எனக்குத் தெரியாது, அதிகாரி செய்தார்" என்று ஒதுங்க முடியாது. தெரிய வந்த உடனே "இது தப்பு" என்று சொல்லி விலக்கி இருக்கலாம், அதையும் செய்யவில்லை.

யோசனைகளும் சொன்னார். எல்.ஐ.சி. போன்ற ஸ்தாபனத்தின் வேலையில் சர்க்கார் தலையிடக் கூடாது. தலையிட்டே தீர வேண்டும் என்றால் எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். தலைமைக்கு வியாபாரமும் பண விவகாரமும் தெரிந்தவர்களைப் போட வேண்டும். சர்க்கார் அதிகாரிகளை அங்கே அனுப்பினால், இனி உங்கள் விசுவாசம் இந்த ஸ்தாபனத்துக்குத்தான் என்று அவர்களுக்கு உணர்த்த வேண்டும். பாலிசிதாரர்களின் பணத்தைப் பாலிசிதாரர்களின் நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சந்தையைத் தூக்கி நிறுத்துவது அவர்கள் வேலை அல்ல.

டி.டி.கே. ராஜினாமா செய்தார். நேருவுக்கு அதில் வருத்தம்தான். மந்திரியின் பங்கு இதில் மிகச் சிறியது என்றே அவர் நம்பினார். ஆனாலும் ராஜினாமாவை ஏற்றுக் கொண்டார். பட்ஜெட்டுக்கு இரண்டே வாரம் இருந்தது. நிதி இலாகாவை நேருவே எடுத்துக் கொண்டு, பிப்ரவரி 28-ந்தேதி பட்ஜெட்டை வாசித்தார். பிரதமரே பட்ஜெட் வாசித்தது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

டி.டி.கே. தன் பைக்குள் ஒரு காசு போட்டுக் கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்தவர் அவர். வியாபாரத்தில் பெயர் எடுத்த பிறகே அரசியலுக்கு வந்தவர். கெட்டிக்காரர் என்பதில் எதிரிகளுக்கும் சந்தேகம் கிடையாது. அப்படிப்பட்டவர் போனதால்தான் டெல்லி ஆபீசுகளில் அந்தச் செய்தி இடி போல விழுந்தது.

பிறகு?

முந்த்ரா மீது வழக்குகள் வந்தன. சிறைக்குப் போனார்.

பட்டேல் சர்க்கார் வேலையை விட்டு விலகிக் குஜராத்துக்குப் போய்க் கல்வி ஸ்தாபனங்களை நடத்தினார். காலச் சக்கரம் சுழன்றது. 1977-ல் மொரார்ஜி தேசாய் சர்க்காரில் அவரே நிதி மந்திரி ஆனார்! எந்த இலாகாவில் செயலாளராக இருந்து விலகினாரோ அதே இலாகாவுக்கு மந்திரி.

பெரோஸ் காந்தி அதிக நாள் இருக்கவில்லை. 1960 செப்டம்பர் 8-ந்தேதி மாரடைப்பால் காலமானார். வயது 48 கூட நிரம்பவில்லை.

6 கம்பெனிகளின் பங்குகளை வாங்கித் திண்டாடிய எல்.ஐ.சி.யின் சொந்தப் பங்கே 2022 மே மாதம் சந்தைக்கு வந்தது. பாலிசிதாரர்களுக்கு விலையில் சலுகை கொடுத்தார்கள்.

டி.டி.கே. 1962-ல் மந்திரி சபைக்குத் திரும்பினார். 1963-ல் மறுபடியும் நிதி மந்திரி ஆனார். அதே வருடம் சாக்ளாவைக் கூப்பிட்டுக் கல்வி மந்திரி ஆக்கினார் நேரு. பம்பாயில் கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் டெல்லியில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாட்டு விவகாரம் பேசினார்கள்.